மிஷின் செய்யாத தப்பு

என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவு சுவர்தான். அதற்கு மேலே பலகைத் தடுப்பு ஒன்று இருந்தது. ஒரு மழையில் ஊறி உப்பிப்போனதும் பிடுங்கிப் போட்டுவிட்டோம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று என் மனைவி சொல்வது அநியாயம். காது திறந்திருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

பக்கத்துக் கடைக்காரர் பழைய காசு வாங்கி விற்பவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் தொங்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் லென்ஸ். தப்பாக அச்சான காசுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று போனில் எவனோ வீடியோ போட்டாலும் போட்டான், அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. காலையில் கதவைத் திறக்கும் முன்பே நாலு பேர் நிற்பார்கள்.

"இது ரயில் ஏறின காசுங்க."

"இல்லங்க, சத்தியமா. கடையில மீதி சில்லறையா வந்துச்சு."

"உங்களுக்குச் சில்லறையா வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரயில் ஏறியிருக்கு. பாருங்க, எழுத்தெல்லாம் ஒரே பக்கமா இழுத்துட்டுப் போயிருக்கு. காசு அடிக்கிற மிண்ட்டுல அமுக்குறது நேரா மேல இருந்து. ஒரு வளையத்துக்குள்ள வெச்சு அமுக்குவாங்க. இப்படி தோசை மாதிரி பரவ இடமே கிடையாது."

"அப்ப இதுக்கு ஒண்ணும் கிடைக்காதா?"

"தப்பு ரெண்டு வகைங்க. அச்சாகும்போதே நடந்த தப்பு ஒண்ணு. வெளிய வந்தப்புறம் பட்ட அடி ஒண்ணு. முதல் வகைக்கு விலை உண்டு. ரெண்டாவதுக்கு அனுதாபம்தான்."

வந்தவர் முனகிக்கொண்டே போவார். அடுத்த ஆள் துணி துவைக்கும் மிஷினில் கிடந்து உருண்டு ஓரம் மழுங்கிய காசோடு வருவார். அதற்கடுத்தவர் எவனோ ஆசிட்டில் போட்டு மெலிய வைத்ததைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். லென்ஸ் எல்லோருக்கும் பொறுமையாகச் சொல்வார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் காசுக்கும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார். ஒரு தடவை டியூப்லைட்டில் பார்த்து ஏமாந்துவிட்டாராம். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடாமல் மழை. ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஈ காக்கை வரவில்லை. நான் டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். மழைக்கோட்டுக்குள் நர்ஸ் சீருடையோடு ஒரு பெண் லென்ஸ் கடையில் ஏறினாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தையல்காரம்மாவின் மகள். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். பழைய வீட்டில் அவர்கள் எங்களுக்கு அடுத்த வீடு.

மாத்திரைக் கவரிலிருந்து ஒரு காசை எடுத்து மேஜையில் வைத்தாள். எண் போட்ட பக்கம் ஒழுங்காக இருந்தது. லென்ஸ் அதைத் திருப்பினார். நான் சுவர் மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தேன்.

அந்தக் காசில் கிளையில் உட்கார்ந்த ஒரு பறவைதான் இருக்க வேண்டும். இதில் இரண்டு இருந்தன. ஒன்று வழக்கம்போல இடப்பக்கம் பார்த்துப் புடைத்து நின்றது. அதற்கு எதிரே, குழிவாக, வலப்பக்கம் பார்த்து இன்னொன்று. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டிருந்தன.

"விலை வேணாம் சார்" என்றாள். "இது மிண்ட்டுக்குள்ளயே இப்படி ஆனதா, இல்ல வெளிய யாராவது பண்ணதா. அது மட்டும் தெரியணும்."

"எங்க கிடைச்சுது?"

"அம்மாவோட தையல் மிஷின் டிராயர்ல. அடியில ஒரு தகடு இருக்கும், அதுக்குக் கீழ. எண்ணெய் போடலாம்னு கழட்டினேன். பதினொரு வருஷமா இதைச் சாக்கடையில போட்டுட்டேன்னு சொல்லிட்டு இருந்தாங்க."

லென்ஸ் வானத்தைப் பார்த்தார். "இன்னிக்கு வெளிச்சம் இல்லம்மா. நாளைக்கு வெயில் அடிச்சா சொல்றேன்."

"அப்பா ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவார் சார்."

"இன்னிக்கு செவ்வாய்தானே" என்றார் அவர். அவருக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். கையிலிருந்த பன்னை வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் போனதும் லென்ஸ் என்னைப் பார்த்தார். "என்னண்ணே, முகம் ஒரு மாதிரி போயிடுச்சு?"

சொன்னேன். இவளுடைய அப்பா மிண்ட்டில் வேலை பார்த்தவர். காசு அடிக்கும் பிரஸ்ஸை ஓட்டியவர் என்பதால் எங்கள் வீட்டு வரிசையில் பிரஸ்காரர் என்றே பேர். அந்த வேலைக்கு உள்ளே போகும்போது கையிலிருக்கும் சில்லறையை வாசலில் கொடுத்துவிட வேண்டும். பாக்கெட் வைக்காத சீருடை. வெளியே வரும்போது ஷூவைக் கழற்றித் தட்டிக் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தால்கூட வாசலில் நின்று ஷூவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். நாங்கள் கிண்டல் செய்வோம். அவரும் சிரிப்பார்.

கல்யாணமான புதுசில் அவர் மனைவிக்குக் கொடுத்த காசு அது. கொடுக்கும்போது, "உனக்காக எங்க மிஷினே ஒரு தப்பு பண்ணிடுச்சு" என்றாராம். புதுப் பொண்டாட்டியிடம் ஒரு மனிதன் அளக்காமல் வேறு யாரிடம் அளப்பான். அந்தம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. வேறு எந்தத் தொழில்காரர் வீட்டிலும் அது வேடிக்கைப் பேச்சாகப் போயிருக்கும். மிண்ட்காரர் வீட்டில் மிஷின் தப்பு பண்ணியது என்றால் நிஜமாகவே மிஷின் தப்பு பண்ணியது என்றுதான் அர்த்தம்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் குழாயடியில், யார் புருஷன் யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தான் என்று பேச்சு வந்தது. இந்தம்மா பெருமையாகக் காசைக் காட்டி, மிஷின் கதையையும் சொல்லிவிட்டது. ஒரே வாரத்தில் மிண்ட்டுக்கு மொட்டைக் கடிதம் போய்ச் சேர்ந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குக் குழாயடியில் என் மனைவியும்தான் நின்றாள். அதை நான் மறைக்கப் போவதில்லை.

விசாரணையில் பிரஸ்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அது மிண்ட்டுல ஆனது இல்ல. மச்சானோட லேத் பட்டறையில, வைஸ்ல, அந்த இரும்புப் பிடியில, ரெண்டு காசை வெச்சு நானே அமுக்கினது." சரி, அந்தக் காசைக் கொண்டு வா, எங்கள் ஆட்கள் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றார்கள். நியாயமான பேச்சு. மனிதர் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் காசைக் கேட்டார்.

"பயத்துல சாக்கடையில போட்டுட்டேன்" என்றது அந்தம்மா.

அவ்வளவுதான். வேலை போயிற்று. காசே இல்லாததால் போலீஸ் வரைக்கும் போகவில்லை. அந்தம்மா அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தது. வைஸ் கதையெல்லாம் தப்பிக்கச் சொல்வது, காசைப் பார்த்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதற்குப் பயம். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "நான் எடுத்தேன்னு நினைக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். "எடுத்திருந்தாலும் பரவாயில்ல. நீங்க என் புருஷன்தான்" என்று அது சொல்லியிருக்கிறது. அந்தம்மா எவ்வளவு ஆசையாகச் சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் மறுநாள் காலையில் மச்சான் பட்டறைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. நாலு மணி நேரப் பயணம். மகளோடு வாரம் தவறாமல் பேசுவார். மனைவியோடு ஒரு வார்த்தை இல்லை. இப்போது அந்தப் பட்டறையையே மூட்டை கட்டி இரண்டு நாள் பயணத் தூரத்தில் உள்ள ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அவரும் கூடப் போகிறார்.

லென்ஸ் கண்ணாடியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். "இந்தம்மா காத்துக்கிட்டு இருக்கா இன்னும்?"

"வேற என்ன வேலை அதுக்கு. பஸ் சத்தம் கேட்டா மிஷினை நிறுத்திட்டு வாசலைப் பாக்கும். பதினொரு வருஷமா."

புதன்கிழமை பளிச்சென்று வெயில் அடித்தது. லென்ஸ் ஸ்டூலைப் போட்டுக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தராசில் வைத்தார். ஓரத்தை நகத்தால் வருடினார். ஒரு கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு உள்ளே வந்து வெல்வெட் துணி மேல் அதை வைத்தார். முகத்தைப் பார்த்தால் தெரியும், தீர்ப்பு வாய்வரைக்கும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வந்தது மகள் இல்லை, தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப் தொங்க, செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தது.

"வாங்கம்மா, பாத்துட்டேன். இது வந்து..."

"சொல்லாதீங்க" என்றது அந்தம்மா.

லென்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லபடியாத் தெரிஞ்சுடுச்சும்மா. ஒரு சந்தேகமும் இல்ல."

"தெரியும் ஐயா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு இப்ப சொல்ல வேணாம்." நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. "நேத்து பொண்ணு சொன்னதுல இருந்து யோசிச்சேன். நீங்க சொன்னப்புறம் நான் நம்பினா, அது உங்களை நம்பினது. அவரை நம்பினது ஆகாது. அவர் கேட்டது அதைத்தானே."

நான் சுவருக்கு மேலே தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "அவர்கிட்ட பேசும்மா. நம்பர் இருக்கா?"

"மனப்பாடம் அண்ணே. பொண்ணு போன்ல பாத்துப் பாத்து. அடிச்சதுதான் இல்ல."

"இப்ப அடி."

அந்தம்மா போனைக் காதில் வைத்துப் பேசாது. வருஷக்கணக்கில் தையல் மிஷின் சத்தத்தில் இருந்து காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டு வாய்க்கு எதிரே பிடித்துக்கொள்ளும். அதனால் நாங்களும் கேட்டோம். எழுந்து போயிருக்கலாம்தான். போகவில்லை.

"யாரு?" பின்னால் இரும்பு அறுக்கும் சத்தம்.

"நான்தான்."

அறுக்கும் சத்தம் நின்றது. "பொண்ணுக்கு ஏதாவதா?"

"அவ நல்லா இருக்கா. அந்தக் காசு என்கிட்டதான் இருக்கு. சாக்கடையில போடல."

"அன்னிக்கே தெரியும்" என்றார் பிரஸ்காரர். குரல் அதே குரல், கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது. "பொய் சொல்றப்ப நீ ஊசியைத் தேடுவே. அன்னிக்கும் தேடினே. ஊசி உன் சட்டையிலயே குத்தியிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"ஒரு வாட்டி கேட்டேன். ரெண்டாவது வாட்டி கேட்டா பிடுங்கின மாதிரி ஆயிடும். நீயா எடுத்துக் கொடுப்பேன்னு ஆறு மாசம் பாத்தேன்."

அந்தம்மா கழுத்திலிருந்து டேப்பை எடுத்தது. சுருட்டிச் சுருட்டி விரித்தது. "காசு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டியிருக்கு. அவர் பாத்துட்டார். நான்தான் சொல்ல வேணாம்னுட்டேன். நீங்க எடுக்கல. எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

இந்தக் கேள்வியை அது எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பதினொரு வருஷமாக என்று சொன்னால் பொய். நேற்றிலிருந்து என்று சொன்னாலும் பாதிப் பொய். அந்தம்மாவின் கை சட்டைப் பக்கம் போனது, பாதியில் நின்றது.

"இப்பத்தான்" என்றது.

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்புச் சத்தம். சந்தோஷச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். "அப்ப நாளன்னிக்குக் கூப்பிடு. அப்பவும் தெரிஞ்சா பேசலாம். அதுவரைக்கும் அந்தக் கடைக்காரர்கிட்ட கேக்காத."

அந்தம்மா போனதும் லென்ஸ் என் பக்கம் திரும்பினார். பாவம், அந்த மனிதருக்கு வாயில் எதுவும் தங்காது. சுவர் மேல் காசை வைத்துக் கண்ணாடியை என் கையில் திணித்தார்.

"இங்க பாருங்கண்ணே. மிஷின் தப்பு பண்ணாலும் மிஷின் மாதிரிதான் பண்ணும். மிண்ட்டுல அடிச்ச காசு எண் பக்கத்து அச்சுலயே ஒட்டிக்கிச்சுன்னு வெச்சுக்கங்க. அடுத்து வர்ற வெறும் தகடு அது மேல விழும். அப்ப எண் வர வேண்டிய பக்கத்துல குழிப் பறவைதான் பதியும். கண்ணாடியில பாக்குற மாதிரி, சுத்தமா, ஆழமா. எண் வரவே வராது. ஏன்னா அது வர வேண்டிய அச்சை ஒட்டின காசு மறைச்சுடுச்சு. இதுல எண்ணும் ஒழுங்கா இருக்கு, குழிப் பறவையும் சொந்தப் பறவையும் ஒரே பக்கத்துல இருக்கு. குழிப் பறவை பட்ட இடத்துல சொந்தப் பறவையோட நெஞ்சு நசுங்கியிருக்கு. முதல்ல காசு ஒழுங்காத்தான் அச்சாச்சு. நசுக்கினது அப்புறம்."

"அப்ப வைஸ்தான்?"

"வைஸேதான். வலது ஓரத்துல பிறை மாதிரி ஒரு கோடு தெரியுதா, மேல வெச்ச காசோட விளிம்பு. இந்த எண் பக்கத்தைப் பாருங்க, வைஸ் வாய்த் தடமே இல்ல. பூனை மயிர் மாதிரி லேசா ஒரு சொரசொரப்பு. தோல் துண்டு வெச்சு அமுக்கியிருக்கார். இந்தப் பக்கம் கெடக் கூடாதுன்னு அவ்வளவு கவனம். பறவை ரெண்டும் மூக்கு முட்டணும்னு அளந்து தள்ளி வெச்சிருக்கார். எத்தனை காசைக் கெடுத்துட்டு இது ஒண்ணு சரியா வந்துச்சோ. விலைக்குப் பாத்தா அடிபட்ட காசுதான், வேற ஒண்ணுமில்ல."

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

சாயங்காலம் மகள் வந்து கேட்டாள். லென்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, "உங்கம்மா சொல்ல வேணாம்னுட்டாங்க. உன் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவாங்களாம்" என்றார். அவளுக்கு வந்ததே ஆத்திரம். "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா சார்? ஞாயித்துக்கிழமை அவர் போயிடுவார். சொல்லிட்டா முடிஞ்சு போச்சு" என்று மேஜையைத் தட்டினாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. லென்ஸ் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்.

நானும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் விஷயம் எப்படியோ என் மனைவி காதுக்கு வந்துவிட்டது. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "அந்த மனுஷன் எடுத்திருக்க மாட்டாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்." நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். அன்றைக்கே தெரிந்தவர்கள் எங்கள் வரிசையில் இத்தனை பேர். அன்றைக்கு ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தம்மா வந்தது. இரண்டு நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வீட்டிலிருந்தே பேசியிருக்கலாம். தனியாகப் பேசப் பயமாக இருக்கிறது அண்ணே என்றது. லென்ஸ் காசை எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினார்.

முதல் ரிங் முடியும் முன்பே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் மிஷின் சத்தம் எதுவும் இல்லை. காலியான பட்டறையில் குரல் எதிரொலித்தது.

"கேட்டியா அவர்கிட்ட?"

"இல்ல. அவரும் சொல்லல."

"இப்பவும் தெரியுதா?"

லென்ஸ் சொல்லிவிடப் போகிறவர்போல வாயைத் திறந்தார். நான் சுவரைத் தாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையில எழுந்தப்ப தெரிஞ்சுது" என்றது அந்தம்மா. "நேத்து மத்தியானம் தெரியல. ஸ்கூல் சட்டைக்குப் பட்டன் வெச்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு, ஒருவேளை எடுத்திருப்பாரோன்னு வந்துடுச்சு. சாயங்காலம் வரைக்கும் போகல. நானும் என்னென்னவோ சொல்லிப் பாத்தேன் மனசுக்கு. அப்புறம் போயிடுச்சு. இப்ப தெரியுது. நாளைக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலங்க. மறுபடி பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

போச்சு என்று நினைத்தேன். ஆமாம், தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். லென்ஸ் என் கையை உதறப் பார்த்தார். விடவில்லை.

அந்தப் பக்கம் எதையோ இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"எனக்கே சில நாள் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் பிரஸ்காரர். "எல்லாரும் கேட்டுக் கேட்டு, எடுத்துட்டுத்தான் மறந்துட்டேனோன்னு ஆயிடுச்சு. இங்க வந்தப்புறமும் ஷூவைக் கழட்டித் தட்டிப் பாப்பேன். ஒண்ணும் விழாது. மறுநாளும் தட்டிப் பாப்பேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அந்தம்மா அழுதது. மறைக்கவில்லை, டேப்பின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. லென்ஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தனியாவா இருந்து இதையெல்லாம் நினைச்சீங்க" என்றது.

"நீ மட்டும் என்ன, கூட்டத்துலயா இருந்தே."

அந்தம்மா மூக்கை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு, வேறு குரலில் கேட்டது. "லாரி எப்ப?"

"ஞாயித்துக்கிழமை விடியக்காலை. சாமான் எல்லாம் நேத்தே ஏத்தியாச்சு."

"உங்களுதுமா?"

"என்னுது என்ன, ஒரு பெட்டி."

"அதை இறக்குங்க" என்றது அந்தம்மா.

அவர் போனை வைக்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டது, கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு யாரையோ கூப்பிட்டு, லாரி மேல் ஏறித் தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னார்.